ஞாங்ஷ்வே படகுத்துறையில குடியேறலாமா, கடை வெக்கலாமா?

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். யாங்கோன்ல இரும்புச் சாமான் கடையில பன்னெண்டு வருசம் வேல பாத்து கொஞ்சம் காசு சேத்து வெச்சிருக்க. போன டிசம்பர்ல குடும்பத்தோட பர்மாவுல ஷான் மலைப்பக்கம் இருக்குற இன்லே ஏரி பாக்க வந்தப்ப ஞாங்ஷ்வே படகுத்துறைய பாத்துட்டு மனசு அங்கயே நின்னுடுச்சுன்னு எழுதியிருக்க. தொற பக்கமா டூரிஸ்டுங்களுக்கு ஒரு காபி கடை போட்டு, மேல நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டு பொழைக்க முடியுமா, பொண்ணு படிப்பு என்னாகும், நம்ம ஆளுங்க அங்க இருக்காங்களான்னு கேட்டிருக்க. நான் ஞாங்லேபின் பக்கத்துல இருந்து 2011ல இந்த ஊருக்கு வந்தவ, வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக், கடையில நிக்கிறது நான். எனக்குத் தெரிஞ்சத முழுசா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படி.

மொதல்ல என் முடிவ சொல்லிடுறேன். வா. ஆனா டூரிஸ்ட நம்பி வராத, ஏரிக்குள்ள வாழுற சனத்த நம்பி வா.

ஏன் அப்படி சொல்றேன்னா இந்த ஊரு பொழைக்கிற விதமே அதுதான். நீ வந்தப்ப பாத்திருப்ப, ஷ்வேஞாங்ல மெயின் ரோட்ட விட்டு திரும்பி பதினோரு கிலோமீட்டர் வந்தா ஞாங்ஷ்வே, அங்க ரோடு முடியுது, வாய்க்கால் ஆரம்பிக்குது, வாய்க்கால்ல கொஞ்ச தூரம் போனா தான் ஏரியே கண்ணுக்கு தெரியும். லாரி நிக்கிற எடம் இது, படகு கெளம்புற எடமும் இது. ஏரி வடக்கு தெக்கா இருபது கிலோமீட்டருக்கு மேல நீளம், அதுக்குள்ள தண்ணி மேல கம்பு நட்டு கட்டுன ஊருங்க நெறைய இருக்கு, நாம்பான், யுவாமா, இன்போகோன்னு, அந்த சனத்துக்கு அரிசி, எண்ணெய், சிமெண்ட், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட புஸ்தகம், கல்யாணத்துக்கு பிளாஸ்டிக் நாற்காலின்னு முக்காவாசி சாமான் இந்த தொறையில எறங்கி படகுல ஏறித்தான் போகணும். அங்கேருந்து தக்காளி, மீனு, சுருட்டு, நெசவுத் துணி இந்த வழியா தான் வெளிய வரணும். கடல் துறைமுகத்துல கப்பல் செய்யுறத இங்க பின்னாடி பங்கா, அதான் எஞ்சின் சுத்துற விசிறி, வெச்ச நீளப் படகு செய்யுது, அவ்ளோதான். சரக்கு கை மாறுற எடத்துல கடை வெச்சவன் பட்டினி கெடந்ததில்ல. டூரிஸ்ட் வந்தாலும் வராட்டியும் ஏரிக்குள்ள மனுசன் சாப்பிட்டாகணும், படகு ஓடியாகணும்.

இத நான் படிச்சு சொல்லல, பட்டு சொல்றேன். நாங்க வந்த புதுசுல நானும் உன்ன மாதிரிதான் நெனச்சேன். நாடு தெறந்து விட்ட சமயம் அது, வெள்ளக்காரங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. தொறையில இருந்து ரெண்டு தெரு தள்ளி சின்னதா ஒரு டீக்கடை போட்டேன், சப்பாத்தி, பருப்பு, கோழிக் குழம்பு, பலாத்தா. அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உக்கார எடம் இருக்காது. மே மாசம் மழை புடிச்சா ஈ ஓட்டணும், ஆனாலும் அஞ்சு மாச வருமானத்துல வருசம் ஓடுச்சு, நானும் அதயே நெரந்தரம்னு நம்பி கடன் வாங்கி ஓடு மாத்தி, மேசை நாற்காலி வாங்கிப் போட்டேன். 2020 மார்ச்ல கொரோனா வந்து எல்லாம் நின்னுச்சு. சரி ஒரு வருசத்துல திரும்பிடும்னு இருந்தோம், 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சிய புடிச்சுது, அதுக்கப்புறம் வெளிநாட்டுக்காரன் மொகத்த பாக்குறதே அபூர்வமாயிடுச்சு. எங்க தெருவுல கெஸ்ட் ஹவுஸ் நடத்துனவங்க ஒவ்வொருத்தரா பூட்டு போட்டாங்க. கட்டில் மெத்தைய வித்தாங்க, ஏ.சி.ய கழட்டி வித்தாங்க, பாக்க மனசு தாங்கல.

எங்கள காப்பாத்துனது வீட்டுக்காரரோட பட்டறை. டீக்கடைக்கு பின்னாடி தகர சாப்பு கட்டி எஞ்சின் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தாரு, ரெண்டு அலமாரியில பேரிங், ஆயில் சீல், நட்டு போல்ட்டு கெடந்துச்சு. டூரிஸ்ட் படகு நின்னாலும் தக்காளி படகு நிக்கல. ஒரு நாள் உக்காந்து கணக்கு பாத்தேன், டீக்கடை ஒரு மாசத்துல கொண்டு வந்தத அந்த ரெண்டு அலமாரி பத்து நாள்ல கொண்டு வந்திருக்கு. அன்னைக்கே அடுப்ப அணச்சேன். டீக்கடை இருந்த எடத்துல இப்ப பங்கா, ஷாஃப்ட்டு, எஞ்சின் ஆயில், கயிறு, தார்ப்பாய், ஆணி. நீ பன்னெண்டு வருசமா கையில வெச்சு பழகுன சாமான் தம்பி இதெல்லாம். காபி போடுறது உனக்கு புதுசு, இரும்பு உனக்கு பழசு, அத விட்டுட்டு ஏன் இதுக்கு போற?

இங்க வியாபாரம் எப்படி ஓடுதுன்னு சொல்றேன், யாங்கோன் கணக்கு இங்க செல்லாது. இந்தப் பக்கம் முழுக்க அஞ்சு நாள் சந்தை. ஒரு ஊருல இன்னைக்கு கூடுனா நாளைக்கு அடுத்த ஊரு, அப்படி சுத்தி அஞ்சாம் நாளு திரும்பி வரும். நம்ம ஊரு மிங்களா மார்க்கெட் தினமும் இருக்கு, ஆனா சந்தை நாளு வந்தா மலையில இருந்து பாவோ சனங்க கறுப்பு உடுப்புல, தலையில கலர் துண்டு கட்டிக்கிட்டு எறங்குவாங்க, ஏரிக்குள்ள இருந்து இன்தா சனங்க படகு கட்டிக்கிட்டு வருவாங்க, தொறையில கால் வெக்க எடம் இருக்காது. அதனால இங்க யாரும் திங்கள் செவ்வாய்னு பேசுறதில்ல, "அடுத்த சந்தைக்கு தர்றேன்" அப்படின்னுதான் பேச்சு. என் கடன் நோட்டும் அப்படித்தான், அஞ்சு நாளுக்கு ஒரு கோடு. மூணு கோடு தாண்டியும் ஒருத்தர் வரலைன்னா அவருக்கு ஏமாத்துற எண்ணம்னு எடுத்துக்க மாட்டேன், வீட்டுல யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு தான் எடுத்துக்குவேன், பெரும்பாலும் அதுதான் உண்மையாவும் இருக்கும். தக்காளி வெல எறங்குன சமயத்துல ஒருத்தர் பங்கா எடுத்துட்டு காசுக்கு பதிலா கூடை தக்காளி கொண்டாந்து எறக்குனாரு, வாங்கிக்கிட்டேன், பாதிய தொக்கு கிண்டி பாட்டில்ல போட்டு பக்கத்துப் பெரிய ஊரு தவுன்ஜியில நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு வித்தேன்.

எடை எல்லாம் வீசை கணக்கு தான், பர்மாக்காரங்க பெய்தான்னு சொல்றாங்க, ஒரு கிலோ அறுநூத்தி முப்பது கிராம் சொச்சம். இங்கிலீசுல இதுக்கு இருக்குற பேரே நம்ம வீசைங்கிற சொல்லுல இருந்து போனது தான். நம்ம ஊருல தாத்தா பாட்டியோட போன சொல்லு, இங்க வெளிநாட்டு புஸ்தகத்துல எல்லாம் இன்னும் உயிரோட இருக்கு, எனக்கு அத நெனச்சாலே ஒரு சந்தோசம்.

கடன் பத்தி இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். சாமான கடனா குடு, பணத்த வட்டிக்கு குடுக்காத. அதுவும் தோட்டத்த, படக ஈடா வாங்கிக்கிட்டு குடுக்கவே குடுக்காத. நம்ம சனத்துக்கு இந்த நாட்டுல ஒரு பழைய கணக்கு இருக்கு. செட்டியாருங்க கையில கீழ்ப் பர்மா நெல்லு மாவட்டங்கள்ல 1930ல நூத்துக்கு 6 பங்கு நெலம் இருந்துச்சு, வெல விழுந்து விவசாயி கடன் கட்ட முடியாம போயி 1938ல அது 25 பங்கு ஆயிடுச்சு. அவங்க நெலம் வேணும்னு ஆசப்பட்டு வாங்கல, பணத்துக்கு பதிலா மண்ணு வந்து சேந்துச்சு, ஆனா அந்த மனக்கசப்பு மூணு தலமுறை தாண்டியும் பேச்சுல இருக்கு, 1964ல கடைய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப யாரும் நமக்காக ஒரு வார்த்த பேசாததுக்கு அதுவும் ஒரு காரணம். எங்க தாத்தா கடையும் அதுல போச்சு. அதனால நான் வட்டிங்கிற சொல்லயே கடையில எடுக்கிறதில்ல. ஏரித் தோட்டக்காரங்களுக்கு ஏற்கனவே யாங்கோன், மண்டலே பொய்சாருங்க, அதான் தரகு மண்டிக்காரங்க, வெதை, உரத்துக்கு முன்பணம் குடுத்து தக்காளிய வெல பேசி எடுத்துக்கிறாங்க. அந்த கழுத்துல நாமளும் ஒரு கயிறு போட வேணாம்.

அடுத்து தண்ணி. இந்த ஊரு நாட்காட்டி தண்ணி தான். கோடையில ஏரியில சராசரி ஏழு அடி ஆழம் தான் இருக்கும், ரொம்ப ஆழமான எடமே பன்னெண்டு அடி, மழையில அதுக்கு மேல நாலஞ்சு அடி ஏறும். மார்ச் ஏப்ரல்ல வாய்க்கால் வத்தி படகு சேத்துல தட்டும், பாசியில பங்கா மாட்டும், ஷாஃப்ட்டு வளையும், அப்பதான் என் கடையில நிக்க நேரம் இருக்காது. மழைக்காலத்துல தண்ணி ஏறுனா பங்கா கம்மியா உடையும், ஆனா கயிறு, தார்ப்பாய், தண்ணி எறைக்கிற பம்பு போகும். மத்த எடத்துல மழையில தக்காளி அழுகுறப்ப மிதக்குற தோட்டத்து தக்காளிக்கு வெல ஏறும், அந்த மாசத்துல தான் பழைய கடன் எல்லாம் வசூலாகும். இது ஒரு சுத்து. இத புரிஞ்சுக்கிட்டு எந்த மாசம் என்ன சரக்கு போடணும்னு தெரிஞ்சவன் இங்க தோக்க மாட்டான்.

மிதக்குற தோட்டத்த படகுல போகும்போது தூரத்துல இருந்து பாத்திருப்ப, கிட்ட போயி பாத்தியான்னு தெரியல. ஏரிப் பாசி, ஆகாயத்தாமரை வேரு, புல்லு எல்லாம் பின்னி கெட்டியான பாயி மாதிரி ஆனத வெட்டி இழுத்துட்டு வந்து, மூங்கில் கம்ப ஏரி அடி மண்ணு வரைக்கும் குத்தி நங்கூரம் மாதிரி நிறுத்திடுவாங்க. தண்ணி ஏறுனா தோட்டமும் கூடவே ஏறும், எறங்குனா எறங்கும். மேல ஏரிச் சேறு, அதுல தக்காளி. தோட்டத்துக்கு நடுவுல படகுல போயிக்கிட்டே களை எடுப்பாங்க. அந்த வேலைய மொத தடவ பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நெலம் இல்லாதவன் நெலத்தயே பண்ணியிருக்கான். இங்க மீன் புடிக்கிறவங்க நின்னுக்கிட்டு காலால துடுப்பு போடுறதும் அப்படி ஒரு அறிவு தான், நின்னாத்தான் கோரைக்கு மேல வழி தெரியும், கை ரெண்டும் வலைக்கு வேணும், அப்ப துடுப்ப எது புடிக்கும்? காலு தான்.

ஆனா அந்த தோட்டத்துனாலயே ஏரி சுருங்கிக்கிட்டு வருது, இத மறைக்க விரும்பல. 1935ல இருந்து 2000 வரைக்கும் தெறந்த தண்ணிப் பரப்புல மூணுல ஒரு பங்கு போயிடுச்சுன்னு அளந்திருக்காங்க, பெரும்பகுதி தோட்டமா மாறுனது. மலையில மரம் வெட்டுனதுனால மண்ணு கரைஞ்சு வந்து அடியில தங்குது. தக்காளிக்கு அடிக்கிற மருந்தும் உரமும் நேரா தண்ணிக்குள்ள தான் போகுது. 2015ல யுனெஸ்கோ இத உயிர்க்கோள காப்பகமா அறிவிச்சுது, பர்மாவுல மொதல் எடம் இதுதான். பேரு வந்துச்சு, மருந்து அடிக்கிறது நிக்கல. நான் கடையில உரமும் பூச்சி மருந்தும் விக்கிறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன். லாபம் அதுல தான் அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க, இருக்கட்டும். ஏரி மூடிடுச்சுன்னா என் கடைக்கு யாரு வருவா? குடிக்கிற தண்ணிக்கு ஏரிய நம்பாத, கேன் தண்ணி, இல்ல ஆழமான போர் கெணத்துத் தண்ணி.

அந்த தண்ணி வெறும் நம்மளோடது மட்டும் இல்ல. தெக்கால பலுசாங்னு ஆறா வெளிய ஓடி, மோபியே அணை வழியா போயி லோபிதா மின்நிலையத்துல கரண்டா மாறுது. ஜப்பான்காரன் யுத்த நஷ்டஈடா கட்டிக் குடுத்தது, 1960ல ஓட ஆரம்பிச்சுது. யாங்கோன்ல நம்ம அப்பா அம்மா காலத்துல எரிஞ்ச பல்புல இந்த ஏரிக்கும் பங்கு உண்டு.

சரக்கு எடுக்கிறதுல ஒரு எச்சரிக்கை. ஒரு மொத்த வியாபாரி எனக்கு ஒரு தடவ டின்னு டின்னா எஞ்சின் ஆயில் அனுப்புனாரு, சீல் எல்லாம் சுத்தமா இருந்துச்சு, உள்ள பழைய ஆயில வடிகட்டி ஊத்தியிருக்கு. எனக்கு தெரியாம வித்துட்டேன், ரெண்டு படகு எஞ்சின் புடிச்சுக்கிச்சு. அந்த ரெண்டு எஞ்சினயும் வீட்டுக்காரர் காசு வாங்காம எறக்கி பிரிச்சு, போரு ரிங்கு மாத்தி குடுத்தாரு, மீதி டின்ன எல்லாருக்கும் முன்னாடி தொறையில வெச்சு ஒடச்சோம். அந்த வருசம் எங்களுக்கு பெரிய நஷ்டம். ஆனா இது சின்ன ஊரு தம்பி, ஒரு படகுக்காரன் காலையில சொன்னது சாயங்காலம் ஏரியோட அந்தக் கோடி வரைக்கும் போயிடும். கெட்ட பேரும் அப்படித்தான் போகும், நல்ல பேரும் அப்படித்தான் போகும். நீ பன்னெண்டு வருசத்துல நல்ல இரும்பு எது, போலி எதுன்னு கை வெச்சு பாத்தே சொல்லுவ இல்ல, அந்த கை தான் உன் முதலீடு.

நல்ல பேரு என்ன செய்யும்னு 2024 செப்டம்பர்ல பாத்தேன். யாகி புயல் மழை, மலைத் தண்ணி மொத்தமும் ஏரிக்கு வந்து ஊருக்குள்ள ஏறிடுச்சு. ராத்திரி கணுக்கால் அளவு இருந்தது விடியறதுக்குள்ள இடுப்பு. சாமான் எல்லாம் மேல் தட்டுல தூக்கி வெச்சும் பத்தல, நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றதுன்னு நிக்கிறப்ப தெருவுக்குள்ளயே எஞ்சின் சத்தம். நாம்பான்காரங்க நாலு படகு, கடை வாசல்ல வந்து நிறுத்துனாங்க, நான் கூப்பிடவே இல்ல. அலமாரியோட தூக்கி படகுல ஏத்தி மேட்டுல இருக்குற மடத்துல கொண்டு போயி எறக்குனாங்க. அவங்க வீடே பாதி தண்ணிக்குள்ள நின்னுச்சு அப்ப. கடன் நோட்டு நனைஞ்சு எழுத்து கலஞ்சு போச்சு, தண்ணி வடிஞ்சதும் அவங்கவங்களே வந்து "அக்கா, எனக்கு இவ்ளோ"ன்னு சொல்லி எழுத வெச்சாங்க.

அப்புறம் ஆறு மாசம் கழிச்சு 2025 மார்ச் 28 நிலநடுக்கம், 7.7. மண்டலே, சகாய்ங் பத்தி உலகம் பூரா பேசுனாங்க, இன்லேவுக்குள்ள கம்பு மேல நின்ன வீடுங்க வரிசையா சாஞ்சு தண்ணிக்குள்ள போனது நெறைய பேருக்கு தெரியாது. அந்த வாரம் கடையில ஆணியும் கயிறும் தார்ப்பாயும் வாங்கின வெலைக்கே குடுத்தோம். யாங்கோன்ல இருந்து வெலய ஏத்தி வித்தவங்களும் இருந்தாங்க, இன்னைக்கு அவங்க கடைக்கு ஏரிக்காரன் போறதில்ல.

இனி குடும்பம் நடத்துறது பத்தி. கடல் மட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட 2,900 அடி, அதனால யாங்கோன் புழுக்கம் இங்க இல்ல, டிசம்பர் ஜனவரியில விடியக்காலம் ஸ்வெட்டர் இல்லாம தொறைக்கு போக முடியாது. அந்த விடியக்காலத்துக்காகவே இந்த ஊருல இருக்கலாம்னு நான் சொல்லுவேன். வாய்க்கால் மேல பனி மூடி கெடக்கும், ஒண்ணும் தெரியாது, ஹேண்டில் போட்டு சுத்துற சத்தம் மட்டும் கேக்கும், டப் டப் டப்னு ஒண்ணு புடிக்கும், அப்புறம் பக்கத்துல ஒண்ணு, கொஞ்ச நேரத்துல வாய்க்காலே முழிச்சுக்கும், பனிக்குள்ள இருந்து தக்காளிக் கூடை அடுக்குன படகு மூக்கு மட்டும் மொதல்ல வெளிய வரும். எந்த எஞ்சின் யாருதுன்னு வீட்டுக்காரர் படுக்கையில இருந்தே சொல்லுவாரு, அதுல எது இன்னும் ஒரு வாரத்துல பட்டறைக்கு வரும்னும் சொல்லுவாரு.

சாப்பாட்டுக்கு கவலையில்ல. தக்காளி, பீன்ஸ், முருங்கக்கீரை எல்லாம் கெடைக்கும், ஏரி மீன்ல புளி ஊத்தி கொழம்பு வெச்சா நம்ம ஊரு ருசி அப்படியே வரும். ஷான் தோஃபூ சோயாவுல செய்யுறதில்ல, கடல மாவுல கிண்டுறது, உன் பொண்ணுக்கு நிச்சயம் புடிக்கும், சூடா கூழு மாதிரி நூடுல்ஸ் மேல ஊத்தி தருவாங்க. மீனும் சோறும் தக்காளியும் போட்டு பெசஞ்சு உருண்ட புடிச்ச தமின்ஜின் இன்தாக்காரங்க சாப்பாடு, எங்க வீட்டுல வாரம் ஒரு தடவ உண்டு.

பாஷை பர்மீஸ் போதும். இன்தாக்காரங்க பேசுறது கொஞ்சம் வேற மாதிரி இழுவையா இருக்கும், அவங்க முன்னோருங்க தவாய் பக்கத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்றாங்க, பேச்சும் தவாய் பேச்சுக்கு கிட்டத்துல இருக்கும். உன் மாமியார் வீடு தவாய்னு எழுதியிருந்த, உன் சம்சாரத்துக்கு என்ன விட சீக்கிரம் காதுல ஏறும்.

நம்ம ஆளுங்க? எனக்கு பழக்கமுள்ள தமிழ்க் குடும்பம் இந்த ஊருல கைவிரல்ல அடங்கும். கோயில், கல்யாணம், நாலு பேரு கூடுறதுன்னா ஒரு மணி நேரத்துல தவுன்ஜி. பெரிய ஆஸ்பத்திரியும் அங்க தான். ரயில் போட்ட காலத்துல வந்தவங்க வம்சம் கலாவ்ல இன்னும் இருக்காங்க, வடக்கத்திக்காரங்க, நேபாளிங்க எல்லாம் கலந்து. பொண்ணு படிப்பு அரசாங்க பள்ளிக்கூடம், பர்மீஸ்ல தான். தமிழ் சொல்லித்தர இங்க ஆள் இல்ல. என் ரெண்டு பசங்களுக்கும் நானே ராத்திரி கடை சாத்தினதுக்கு அப்புறம் அரிச்சுவடி வெச்சு எழுத வெச்சேன், பெரியவன் கடன் நோட்ட தமிழ்ல தான் எழுதுறான். இது உங்க ரெண்டு பேரு கையில தான் இருக்கு. நம்ம சனத்தோட நெருக்கமா இருந்து பழகுன உன் சம்சாரத்துக்கு மொத வருசம் தனிமையா இருக்கும், எனக்கு இருந்துச்சு, பங்குனி உத்திரம் வந்தா ஞாங்லேபின்ன நெனச்சு அழுதிருக்கேன். அவங்கள கேக்காம முடிவு பண்ணாத.

திருவிழா பத்தி சொல்லணும்னா ஏரிக்குள்ள இருக்குற ஃபவுங் டோ ஊ புத்தர் கோயில் விழா தான். மழை முடியுற சமயம், 18 நாளு, தங்க ரேக்கு ஒட்டி ஒட்டி உருண்டையா ஆயிட்ட அஞ்சு புத்தர் செலையில நாலு மட்டும் பெரிய அன்னப் படகுல ஊர் ஊரா போகும். 1965ல படகு கவுந்தப்போ இருந்து அஞ்சாவது கோயில விட்டு நகர்றதில்ல. நம்ம ஊருக்கும் அந்தப் படகு வரும், அந்த நாளுங்கள்ல தொற பூரா சனம். போட்டிப் படகு விடுற ஊருங்க எல்லாம் ஒரு மாசம் முன்னாடியே பெயிண்ட்டு, வார்னிஷ், கயிறு வாங்க வந்துடுவாங்க, சரக்கு தயாரா வெச்சிருக்கணும். உற்சவ மூர்த்தி தெப்பத்துல வர்றத பாத்து வளந்த நமக்கு அது அந்நியமாவே தெரியாது.

இப்ப இருக்குற நெலமைய சொல்லாம விடக்கூடாது. தெக்கால மோபியே, பெக்கோன் பக்கம் 2021ல இருந்து சண்டை, அங்கேருந்து ஓடி வந்த சனம் இங்க மடத்துல, தெரிஞ்சவங்க வீட்டுல தங்கியிருக்காங்க. யாங்கோன் ரோடு செல சமயம் சீரா இருக்கும், செல சமயம் செக் போஸ்ட்ல நாள் கணக்குல லாரி நிக்கும், அதனால எப்பவும் ரெண்டு மாசத்துக்கு வேண்டிய சரக்கு கையிருப்பு வேணும், போடுற முதலீட்டுல பாதி அதுலயே மொடங்கும்னு வெச்சுக்க. கரண்டு அடிக்கடி போகும், சோலார் போட்டுடு. உன் மப்பொந்தின், அதான் அடையாள அட்டை, எந்த வகை, வீட்டுப் பட்டியல் எங்க இருக்கு, எல்லாத்தையும் கெளம்பறதுக்கு முன்னாடி சரி பண்ணிட்டு வா, வார்டு ஆபீஸ்ல ராத்திரி தங்குற விருந்தாளிக்கு கூட பதிவு கேப்பாங்க, நம்ம மாதிரி முகத்துக்கு இன்னும் ரெண்டு கேள்வி கூட வரும். ஏரியோட ரெண்டு கரையிலயும் இப்ப மோட்டார் சைக்கிள் போற ரோடு வந்துடுச்சு, மாய்ந்தாக், கவுங்டாய்ங் சனம் கொஞ்சம் பேரு தொறைக்கு வராமலே ஷ்வேஞாங் போயி வாங்கிக்கிறாங்க. நடு ஏரி ஊருங்களுக்கு அந்த வழி இல்ல, அவங்க தான் உன் கஸ்டமர்.

எடம் வாங்காத, மொத ரெண்டு வருசம் வாடகை. வாடகைக்கு எடுக்குறப்ப 2024ல அந்த வீட்டுல தண்ணி எவ்ளோ உயரம் ஏறுச்சுன்னு கேளு, செவுத்துல கோடு இன்னும் தெரியும், வெள்ளை அடிச்சிருந்தா பக்கத்து வீட்டு செவுத்த பாரு. நாங்க விக்காத சாமானா நீ போடணும்னு நான் நெனைக்கிறேன், போட்டிக்காக சொல்லல, தேவை இருக்குறதுனால சொல்றேன்: பைப்பு, ஃபிட்டிங்ஸ், கை பம்பு, தண்ணி டேங்கு, சோலார் ஒயரு. நிலநடுக்கத்துக்கு அப்புறம் வீட்ட திரும்ப கட்டுறவங்க இதுக்காக தவுன்ஜி வரைக்கும் போறாங்க, போற வர்ற செலவுலயே லாபம் ஒளிஞ்சிருக்கு.

மே மாசம் வா, சீசன்ல வராத. டூரிஸ்ட் சீசன்ல ஊரு அழகா இருக்கும், அது உனக்கு ஒண்ணும் சொல்லாது. மழை ஆரம்பத்துல சேறும் சகதியுமா இருக்குறப்ப வந்து பாரு, அப்பவும் புடிச்சா சரி. எங்க வீட்டு மாடியில தங்கிக்கலாம், குடும்பத்தோட, பத்து நாளு, அப்பதான் ரெண்டு சந்தை பாக்க முடியும். மொத சந்தைக்கு சும்மா என் பக்கத்துல உக்காந்து வர்றவங்க என்ன கேக்குறாங்க, நான் எதுக்கு இல்லன்னு சொல்றேன்னு ஒரு நோட்டுல எழுது. ரெண்டாவது சந்தைக்கு நீயே கல்லாவுல நில்லு. வர்றப்ப யாங்கோன்ல இருந்து முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் ஆயில் சீல் நாலு டஜன் எடுத்துட்டு வா, இங்க ரெண்டு மாசமா கெடைக்கல, காச வந்ததும் குடுத்துடுறேன்.